ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடாத ஜோ தாமஸ் மகத்தான வீரரா?

வாசகர் கேள்வி, 2023 ஆகஸ்ட் 6

நேற்று கேன்டனில், அமெரிக்கக் கால்பந்து வீரர் ஜோ தாமஸை அந்த ஆட்டத்தின் மகத்தானவர்களைப் போற்றும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்த விழாவைப் பார்த்தேன். அவர் களமிறங்கிய 167 ஆட்டங்களில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி வென்றவை 48, தோற்றவை 119. பருவ முடிவில் சிறந்த அணிகள் மட்டும் மோதும் பிளேஆஃப் சுற்றில் ஓர் ஆட்டம்கூட அவர் ஆடியதில்லை. பந்தைத் தொடுவது அவர் வேலையிலேயே இல்லை. இத்தனை தோற்ற அணியில் தடுப்பு வேலை செய்த ஒருவரை, தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே மகத்தானவர் என்று அறிவிப்பதற்கு என்ன அளவுகோல்? அந்தத் தோல்விகளில் அவருக்குப் பங்கே இல்லையா?

2023 ஆகஸ்ட் 6, மாலை

அளவுகோலுக்குப் போவதற்கு முன் அந்த இடம் எத்தகையது என்று சொல்லிவிடுகிறேன். தாக்குதலில் இறங்கும் 11 பேரில் ஐவர் முன்வரிசை வீரர்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டுகள், இரண்டு ஓரங்களிலும் டேக்கிள்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் வலக்கைக்காரராக இருந்தால், எறிவதற்காக உடலைத் திருப்பும்போது இடப்பக்கம் முழுவதும் அவருக்கு முதுகுப்பக்கமாகிவிடுகிறது. அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவரும் எதிரணி வீரரை அவரால் பார்க்க முடியாது. பெரும்பாலும் அந்த அணியின் மிக வேகமான ஆளாக இருக்கும் அவரை, குவார்ட்டர்பேக் எறிந்து முடிக்கும் வரை நிறுத்திவைப்பவர் லெப்ட் டேக்கிள். தாமஸ் பதினொரு பருவங்கள் செய்த வேலை அதுதான்.

2007 செப்டம்பரில் தம் முதல் ஆட்டத்தில் நின்ற அவர், 2017 அக்டோபர் 22 அன்று டென்னசி டைட்டன்ஸ் அணிக்கு எதிராக இடக்கை முத்தலைத் தசை கிழியும் வரை, தாக்குதலின் ஒரு ஸ்னாப்பைக்கூட, அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறையைக்கூட, தவறவிடவில்லை. மொத்தம் 10,363 தொடர் ஸ்னாப்புகள். ஆட்டத்துக்குச் சராசரியாக 62 முறை, 140 கிலோவுக்கு மேற்பட்ட உடலோடு குனிந்து நின்று, எழுந்து, இன்னொரு பெரிய உடல்மீது மோதியிருக்கிறார். ஆடிய முதல் 10 பருவங்களிலும், நட்சத்திர வீரர்களுக்கான புரோ பவுலுக்குத் தேர்வான ஒரே தாக்குதல் முன்வரிசை வீரர் அவர்தான். ஆண்டின் தலைசிறந்த அணியான ஆல்-புரோ முதல் அணியில் ஆறு முறை இடம்பெற்றார். பிளேஆஃப் என்பது 53 பேர் கொண்ட அணி சேர்ந்து சம்பாதிக்க வேண்டியது. அதை ஒரு டேக்கிளின் கணக்கில் கழிப்பது நியாயமாகாது.

2023 ஆகஸ்ட் 7

பிளேஆஃபை அவர் எட்டியே பார்க்கவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். முதல் பருவமான 2007-இல் பிரவுன்ஸ் 10 வென்று 6 தோற்றது. அதே கணக்கில் இருந்த டென்னசி, கடைசி வாரம் வென்று சமன்முறி விதியால் உள்ளே போனது. அடுத்த பத்தாண்டுகளில் பிரவுன்ஸ் அதிகபட்சமாக வென்றது ஒரு பருவத்தில் 7 ஆட்டங்கள். 2016-இல் ஒன்று. 2017-இல் பூஜ்யம். தாமஸின் முதல் பருவத்திலேயே அதிர்ஷ்டம் முழுவதையும் அணி ஒரே தவணையில் பெற்று, அதையும் கோட்டைவிட்டுவிட்டது.

2023 ஆகஸ்ட் 9

அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நாளில் அவர் நியூயார்க் மேடைக்குப் போகாமல், தந்தையோடும் நெருங்கியவர்களோடும் மிச்சிகன் ஏரியில் மீன் பிடிக்கப் போன கதையை மற்றொரு வாசகர் நினைவூட்டினார். அந்தக் கதையை அவரது எளிமைக்குச் சான்றாக எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த 2007 டிராஃப்ட்டின் வரிசைதான் சுவையாகப் படுகிறது. முதலிடத்தில் ஓக்லாந்து ரெய்டர்ஸ் எடுத்த குவார்ட்டர்பேக் ஜமார்கஸ் ரசல் மூன்று பருவங்களில் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகை விட்டே போனார். இரண்டாவதாக டெட்ராய்ட் எடுத்த கால்வின் ஜான்சன் 2021-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். மூன்றாவது தாமஸ். அதே முதல் சுற்றில் 22-ஆவதாக பிரவுன்ஸ் தன் எதிர்காலக் குவார்ட்டர்பேக் என்று பிராடி குவினையும் எடுத்தது. அதாவது காக்க வேண்டியவரையும் காப்பவரையும் ஒரே நாளில் வாங்கினார்கள். காப்பவர் மட்டும் தேறினார்.

தாமஸ் நின்ற காலத்தில் பிரவுன்ஸுக்கு ஆட்டம் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகள் 20 பேர். முதலாமவரான சார்லி ஃப்ரை 2007-இன் முதல் ஆட்டத்தைத் தொடங்கினார், ஆட்டத்தின் நடுவிலேயே உட்கார வைக்கப்பட்டார், அந்த வாரமே சியாட்டிலுக்கு மாற்றப்பட்டார். பிறகு டெரக் ஆண்டர்சன், குவின், கோல்ட் மெக்காய், பிராண்டன் வீடன், பிரையன் ஹோயர், ஜானி மன்செல், ஜோஷ் மெக்கவுன் என்று பட்டியல் நீண்டு டெஷோன் கைசரும் கெவின் ஹோகனும் வரை வருகிறது. தலைமைப் பயிற்சியாளர்கள் ஆறு பேர்.

இதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கும் பின்வாங்கும் ஆழம் வேறு, பந்தை விடுவிக்கும் நேரம் வேறு. சிலர் நெருக்கடி வந்தால் முன்னே ஏறுவார்கள், சிலர் ஓரத்தை நோக்கி ஓடி, தடுத்துக்கொண்டிருப்பவரின் கோணத்தையே கெடுப்பார்கள். டேக்கிள் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது. தமக்குப் பின்னால் நிற்பவர் எங்கே இருப்பார் என்று பழக்கத்தால் ஊகித்துத்தான் நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தை இருபது முறை புதிதாக உருவாக்கிக்கொண்ட ஒருவர், ஒரே குவார்ட்டர்பேக்குக்குப் பத்தாண்டுகள் நின்றிருந்தால் எப்படி ஆடியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

2023 ஆகஸ்ட் 13

முதல் குறிப்பில் 10,363 என்ற எண்ணை முன்னே வைத்தேன். ஒரு வாரமாக அதைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்ததில், அந்த எண் மகத்துவத்துக்குச் சிறந்த சான்றா என்ற ஐயம் எனக்கு வந்திருக்கிறது.

முதலாவது, லீக் ஸ்னாப்புகளை முறையாக எண்ணத் தொடங்கியதே 1999-இல்தான். அதற்கு முன் ஆடிய முன்வரிசை வீரர்களில் எத்தனை பேர் எத்தனை ஸ்னாப்புகள் இடைவிடாமல் நின்றார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. ஆகவே 'கணக்கு வைக்கப்பட்டவற்றில் மிக நீண்டது' என்று சொல்வதே சரி. இங்கே ஒருவர் எழுதியதுபோல 'கால்பந்து வரலாற்றிலேயே' என்று சொல்ல இடமில்லை. இரண்டாவது, தொடர்ந்து நிற்பது நன்றாக நிற்பதற்கு ஒப்பாகாது. சுமாரான ஒரு வீரரும் எலும்பு முறியாத அதிர்ஷ்டம் இருந்தால் நெடுநாள் நிற்கலாம். ஆனால் சுமாரானவரை அணி நிறுத்தி வைக்காது என்பதால் அந்த எண்ணில் தரமும் ஓரளவு ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவருடைய கைகளைப் பற்றிப் பேசுவதே எனக்கு இன்னும் பொருத்தமாகத் தோன்றுகிறது. டிராஃப்ட்டுக்கு முன் எடுத்த அளவின்படி அவர் கையின் நீளம் முப்பத்திரண்டரை அங்குலம். உயரம் 6 அடி 6 அங்குலம் கொண்ட ஒரு லெப்ட் டேக்கிளுக்கு இது குறைவு. 33 அங்குலத்துக்குக் கீழே போனால் கார்டாக ஆடச் சொல்லலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஓடிவருபவர் தம் கையை உங்கள் மார்பில் வைப்பதற்கு முன் நீங்கள் அவர் மார்பில் கை வைத்தாக வேண்டும் என்பது இந்த வேலையின் அடிப்படை. கை குட்டையானால் கால் அதை ஈடுகட்ட வேண்டும். தாமஸின் கால்கள் ஈடுகட்டின. ஸ்னாப் நடந்ததும் இடக்காலைப் பின்னுக்கு வைத்து வலக்காலை இழுத்துக்கொண்டே நழுவிப் பின்வாங்கும் கிக்-ஸ்லைடை, இடுப்பு உயராமல், தோள் திரும்பாமல், ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் அவர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். எதிராளி அதற்குப் பழகிவிட்டார் என்று தெரிந்த கணத்தில், பின்வாங்காமல் திடீரென்று முன்னே பாய்ந்து அவரைத் தொடக்கக் கோட்டிலேயே பிடித்துவிடுவார். அடுத்த முறை எது வரும் என்று தெரியாமல் எதிராளி அரை நொடி தயங்குவார். அந்த அரை நொடிக்காகத்தான் அணி அவருக்கு 2011-இல் ஏழு ஆண்டு ஒப்பந்தமாக 8 கோடி டாலருக்கு மேல் எழுதிக் கொடுத்தது.

பல்கலைக்கழகக் காலத்தில் அவர் விஸ்கான்சின் தடகள அணியில் குண்டும் வட்டும் எறிந்தவர் என்பது இந்தக் கால்வேலைக்கு ஒரு காரணமாக இருக்கலாம். எறிவட்டத்துக்குள் சுழல்பவருக்கு, பேருடலின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குச் சிந்தாமல் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

2023 ஆகஸ்ட் 14

'கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி, தவறவிட்டால்தான் பெயர் வெளியே வரும்' என்று எழுதியவருக்கு: கீப்பர் பிடித்த கேட்சும் செய்த ஸ்டம்பிங்கும் ஸ்கோர் அட்டையில் ஏறுகின்றன. முன்வரிசை வீரரின் பெயரை நடுவர் அரங்கம் முழுவதும் கேட்க அறிவிக்கும் தருணங்கள் பெரும்பாலும் இரண்டுதான். எதிராளியைப் பிடித்து இழுத்தால் 10 கஜம் அபராதம், ஸ்னாப்புக்கு முன் அசைந்துவிட்டால் 5 கஜம். அதையும் பெயரால் அறிவிப்பதில்லை, சட்டை எண்ணால்தான். தாமஸ் 73.

2023 ஆகஸ்ட் 20

என் சொந்தக் கதையைக் கேட்கிறார்கள். கிளீவ்லாந்து என்றால் நம்மவர்களுக்குத் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும்; நானும் இந்த ஊர்ப்பக்கம் குடிவந்தபோது அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மகிழ்ந்தேன். கால்பந்து என் வாழ்க்கைக்குள் வந்தது என் மகனின் உடம்பால். பள்ளி அணியின் பயிற்சியாளர் அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு நேராக முன்வரிசைக்கு அனுப்பினார். பந்து பிடிக்கும் ஆசையோடு போனவன் முகம் தொங்கிப்போய் வந்தான்.

பயிற்சியைப் பார்க்கப் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்கு இந்த வேலையின் விநோதம் புரிந்தது. மைதானத்தின் ஒரு கோடியில் மற்ற பையன்கள் எறிந்து, ஓடி, பிடித்து, கத்திக்கொண்டிருந்தார்கள். மறுகோடியில் இந்த ஐந்தாறு பையன்கள் மெத்தை கட்டிய இரும்புச் சட்டம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு, இடக்கால் எத்தனை அங்குலம் போக வேண்டும் என்று ஒரு பெரியவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பந்தே அங்கு இல்லை. ஆட்டங்களிலும் நான் மெல்ல மெல்லப் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். என் மகனின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்ததால், எங்கள் பக்கம் எல்லோரும் எழுந்து ஆர்ப்பரிக்கும்போது எதற்காக என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியில் 73-ஆம் எண் சட்டையை மட்டும் பின்தொடரும் பழக்கம் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். தோற்கும் அணியைப் பார்ப்பது எனக்குச் சலிக்காமல் இருந்ததற்கும் அதுவே காரணம். ஆட்டம் 30 புள்ளி வித்தியாசத்தில் கைவிட்டுப் போன பிறகும் அந்த ஒரு மூலையில் நடந்துகொண்டிருந்த தனிப்போரில் அவர் தோற்கவில்லை.

2023 ஆகஸ்ட் 27

உடம்பைப் பற்றிக் கேட்ட மருத்துவ மாணவருக்கு. ஆடிய நாளில் தாமஸின் எடை சுமார் 312 பவுண்டு. ஓய்வுக்குப் பிறகு சுமார் 50 பவுண்டைக் குறைத்துவிட்டார்; நேற்றுமுன்தினம் எடுத்த படம் என்று சொல்லி அவரைக் காட்டினால் யாரோ நீச்சல் பயிற்சியாளர் என்றுதான் நினைப்பீர்கள். இது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் கார்டாக இருந்து ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன ஆலன் ஃபனிகா, ஓய்வுக்குப் பிறகு ஏறக்குறைய 100 பவுண்டைக் குறைத்து 2014-இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு மாரத்தானை 4 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார்.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், அந்த எடை பலருக்கு இயல்பான எடையாக இருக்கவில்லை. பசி இல்லாதபோதும் தின்று, தூங்கப் போகும்முன் மறுபடி தின்று, பயிற்சியில் கரைவதை மறுபடி நிரப்பி, தொழிலுக்காகச் சுமந்த எடை அது. நம் வீடுகளில் 'இன்னும் ஒரு தோசை' என்று வற்புறுத்துவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருப்பார்கள் போலும்.

2023 செப்டம்பர் 3

இந்த இழையில் எவரும் தொடாத ஒன்றை நானே எழுதுகிறேன். தாமஸ் படித்த அதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து 1974-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குப் போன சென்டர் மைக் வெப்ஸ்டர். உங்கள் முதல் கேள்வியின் அளவுகோலால் அளந்தால் அவர் தாமஸைவிடப் பல மடங்கு பெரியவர்: லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நான்கு வெற்றிகள், 17 பருவங்கள், 1997-இல் ஹால் ஆஃப் ஃபேம். அவரும் நின்ற இடத்தை விட்டு நகராதவர் என்றே பெயரெடுத்தவர். கடைசி ஆண்டுகளில் நினைவு சிதறி, பணமிழந்து, சில நாள்கள் தம் வண்டியிலேயே தூங்கி, 2002 செப்டம்பரில் 50 வயதில் இறந்தார். பிணப்பரிசோதனை செய்த பென்னட் ஒமாலு அவர் மூளையில் கண்டதுதான், சி.டி.இ. என்று இன்று அறியப்படும் மூளைச் சிதைவு ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரரிடம் உறுதிசெய்யப்பட்ட முதல் நிகழ்வு. அந்த ஆய்வுக் கட்டுரை 2005-இல் வெளியானது.

மயக்கம் வரும்படியான பெரிய அடி மட்டுமே மூளையைக் கெடுப்பதில்லை, ஒவ்வொரு ஸ்னாப்பிலும் விழும் சிறிய இடிகள் சேர்ந்தும் கெடுக்கின்றன என்று பின்னர் வந்த ஆய்வுகள் சுட்டுகின்றன. பந்தைப் பிடிப்பவர்கள் ஓர் ஆட்டத்தில் சில முறை அடிபடுகிறார்கள். முன்வரிசை வீரரோ ஏறக்குறைய ஒவ்வொரு ஸ்னாப்பிலும் இடிபடுகிறார். 2017 ஜூலையில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தங்களுக்குத் தானமாக வந்த என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகள் 111-இல் 110-இல் அந்தச் சிதைவு இருந்ததாக வெளியிட்டார்கள். நோய்க்குறி இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்திருக்கும் என்பதால் எல்லா வீரர்களுக்கும் இதே விகிதம் என்று கொள்ளக் கூடாது. அதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் இரண்டு நாள் கழித்து பால்டிமோர் ரேவன்ஸின் கார்டு ஜான் அர்ஷல் 26 வயதில் ஓய்வை அறிவித்தார். அவர் அப்போது எம்.ஐ.டி.யில் கணித முனைவர் பட்ட மாணவர். இப்போது அங்கேயே பேராசிரியராக இருக்கிறார்.

தாமஸும் 2017 தொடக்கத்தில் அளித்த ஒரு பேட்டியில், தமக்கு அப்போதே நினைவு தவறுவதை உணர்வதாகச் சொன்னார். அவருக்கு அப்போது 32 வயது. மளிகைக் கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் நடப்பதுதான், ஆனால் பத்தாயிரம் முறை மோதிய ஒருவர் அதைச் சொல்லும்போது கேட்பவருக்கு வேறு மாதிரி இருக்கிறது. 10,363 என்ற எண்ணைப் பிரவுன்ஸ் தன் அரங்கத்தில் பெரிதாகப் பொறித்து வைத்திருக்கிறது. ஆகஸ்ட் 6 அன்று அந்த எண்ணைப் பெருமையோடு எழுதியவன், இன்று அதை ஒரு செலவுக் கணக்காகவும் வாசிக்கிறேன். இரண்டில் எது சரியான வாசிப்பு என்று கேட்டால் இரண்டையும்தான் சொல்வேன்.

மகன் என்ன ஆனான் என்று கேட்பவர்களுக்கு: இரண்டாம் பருவத்துக்குப் பின் நாங்களும் அவனும் நெடுநேரம் பேசி, அவன் தடகளத்துக்கு மாறினான். குண்டு எறிகிறான்.

2023 செப்டம்பர் 5

2015-இல் டென்வர் பிராங்கோஸ் அவரை வாங்க முயன்ற கதையை எடுத்து, 'போயிருந்தால் சூப்பர் பவுல் மோதிரம் கிடைத்திருக்குமே' என்கிறார் ஒருவர். கிடைத்திருக்கலாம். டிராஃப்ட் தேர்வுகளில் பேரம் படியாமல் போனது, மறு பிப்ரவரியில் டென்வர் 50-ஆவது சூப்பர் பவுலை 24-10 என்று வென்றது. ஆனால் அதை வென்றது டென்வரின் தற்காப்பு. தாமஸ் அங்கே போய் நின்றிருந்தாலும் அவர் அதற்கு முந்தைய வாரம் ஆடியதைவிட ஒரு துளியும் நன்றாக ஆடியிருக்கமாட்டார். மோதிரம் விரலில் இருந்தால் இந்த இழையே தொடங்கியிருக்காது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

2023 செப்டம்பர் 12

நேற்றிரவு நியூயார்க் ஜெட்ஸ் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் தம் புதிய அணியான ஜெட்ஸுக்காகக் களமிறங்கிய நான்காவது ஸ்னாப். லெப்ட் டேக்கிள் டுவேன் பிரவுன், 38 வயது, எதிராளியின் கால்களை நோக்கித் தாழ்ந்து தடுக்க முயன்றார். எதிரணியான பஃபலோ பில்ஸின் லெனர்ட் ஃபிளாய்ட் அதைத் தாண்டி வந்துவிட்டார். ராட்ஜர்ஸின் இடக்கால் குதிகால் நாண் அறுந்தது. ஒரு பருவத்துக்காக ஜெட்ஸ் கட்டிய கோட்டை அத்தோடு போயிற்று.

பிரவுன் மோசமான வீரர் அல்லர். ஐந்து முறை புரோ பவுலுக்குத் தேர்வானவர். அவர் செய்ததும் அந்த ஆட்டமுறைக்கு வழக்கமான தடுப்புதான். பந்து உடனே கையை விட்டுப் போயிருந்தால் எவரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஒரு ஸ்னாப்பில் இது நடக்கக்கூடிய இடத்தில் தாமஸ் 10,363 முறை நின்றார். அதில் எறிதலைக் காத்த ஸ்னாப்புகள் 6,000-க்கு மேல், அவற்றில் அவர் கைமீறிப் போய்க் குவார்ட்டர்பேக் வீழ்ந்தவை ஏறத்தாழ 30. பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசனையும் பால்டிமோரின் டெரல் சக்ஸையும் ஆண்டுக்கு இருமுறை எதிர்கொள்ள வேண்டிய பிரிவில் ஆடிக்கொண்டே இதைச் செய்தார்.

2023 செப்டம்பர் 17

'தோல்விகளில் அவருக்குப் பங்கு இல்லையா' என்ற முதல் கேள்வியின் கடைசி வரிக்கு இன்னும் நேராகப் பதில் எழுதவில்லை. எறிதலைக் காப்பதில் மட்டும் வல்லவர், பந்தோடு ஓடுபவருக்கு வழி திறப்பதில் சாதாரணம் என்ற ஒரு விமர்சனம் அவர்மேல் உண்டு. அதில் சிறிது உண்மையும் உண்டு. நேருக்கு நேர் இடித்துத் தள்ளும் முரட்டு வலிமை அவருடைய முதன்மை ஆயுதம் அன்று. ஆனால் 2009 டிசம்பர் 20 அன்று கான்சஸ் சிட்டியில் நடந்த ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் பாருங்கள். பிரவுன்ஸ் அந்தப் பருவத்தில் வென்றதே ஐந்து ஆட்டங்கள், அவற்றில் ஒன்று. ஜெரோம் ஹாரிசன் என்ற, அதற்கு முன்னும் பின்னும் அதிகம் பேசப்படாத ஓட்டக்காரர் அன்று 34 ஓட்டங்களில் 286 கஜம் ஓடி, அணிக்காக ஜிம் பிரவுன் வைத்திருந்த 237 கஜச் சாதனையை முறியடித்தார். லீக் வரலாற்றில் அன்றைக்கு அது மூன்றாவது பெரிய எண். இரண்டாவது பெரிய எண்ணான 295-ஐ ஜமால் லூயிஸ் 2003-இல் ஓடியதும் பிரவுன்ஸுக்கு எதிராகத்தான் என்பது அந்த ஊரின் தலையெழுத்து.

ஓட்டக்காரரைப் பார்க்காதீர்கள். இடப்பக்கம் தாமஸ், அவருக்கு உள்ளே கார்டு எரிக் ஸ்டைன்பாக், நடுவில் முதலாண்டு சென்டர் அலெக்ஸ் மேக் என்று மூவரும் ஒன்றாக நகர்வதையும், அவர்களுக்குப் பின்னால், ஓட்டக்காரருக்கு முன்னே ஓடித் தடுக்கும் ஃபுல்பேக் லாரன்ஸ் விக்கர்ஸ் எந்த இடைவெளியில் நுழைகிறார் என்பதையும் பாருங்கள். ஆட்டம் 41-34 என்று முடிந்தது. அன்றைய பந்து எறிதல் படுமோசம். குவார்ட்டர்பேக் யார் என்று கேட்பீர்களானால், பிராடி குவின்.